இரைத் தொட்டியில் பாதித் தண்ணீர்

படகு வாங்கிவிட்டேன் என்று யாராவது சொன்னால், கூடு வாங்கியிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஃபைபர் படகு அச்சிலிருந்து வெளியே வரும்போது வெறும் ஓடு. எஞ்சின் இருக்காது, ஐஸ் பெட்டி இருக்காது, பிடித்து நிற்க ஒரு கம்பிகூட இருக்காது. அந்த ஓட்டைக் கடலுக்குப் போகிற படகாக ஆக்குவது தனி வேலை. நாகப்பட்டினத்தில் ஒரு படகுப் பட்டறையில் அந்த வேலையைத்தான் நான் செய்தேன். பிசின் வாடை நெஞ்சைக் கெடுத்துவிட்டதால், ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே போன வருஷம் விலகிக்கொண்டேன்.

இனி யாருடைய படகுக்கும் நான் பொறுப்பில்லை என்ற நிம்மதி சில மாதங்கள்தான் நீடித்தது. பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டின்போது என் மகன் கதிரவன் சொன்னான்:

"அப்பா, நானும் இளங்கோவும் கூடு வாங்கிட்டோம். சூரை மீனுக்குப் போகப் போறோம். சாமான் நீங்கதான் எடுத்துத் தரணும்."

கதிரவன் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்து, அது புதுப்பிக்கப்படாமல் திரும்பி வந்தவன். இளங்கோ என் பெரியப்பா மகன் கோவிந்தராஜ் அண்ணனின் பையன். இளங்கோ பெயரைக் கேட்டதும் என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"யாரைக் கேட்டு வாங்கினீங்க?"

"உங்களைக் கேட்டா வேணாம்பீங்க. அதான் வாங்கிட்டுக் கேக்குறோம்."

என் மனைவி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவளுக்குக் காரணம் தெரியும். கதிரவனுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அப்போது அவன் சின்னப் பையன். பட்டறையில் இப்போது வேலை பார்க்கிறவர்களும் கோவிந்தராஜ் படகைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நடந்ததை நடந்தபடி ஒரு தரம் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கீழ்வேளூருக்குக் கிழக்கே எங்கள் தெரு. அப்பா, பெரியப்பா தலைமுறை முழுக்கக் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். நெல் கூலியை உயர்த்திக் கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், பண்ணையார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்க முயன்றதும், போலீஸ் வேன் வந்து நின்றதும் எங்கள் வீட்டில் அடிக்கடி பேசப்பட்ட விஷயங்கள். பிறகு உச்சவரம்புக்கு மேலிருந்த நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது பெரியப்பாவுக்கு உப்பனாற்றுப் பக்கம் கொஞ்சம் நிலத்துக்குப் பட்டா கிடைத்தது. எங்கள் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. "அண்ணனுக்கு நிலம், எம் புள்ளைக்குப் படிப்பு" என்று சொல்லி என்னை ஐடிஐக்கு அனுப்பினார். அறிவழகன் என்று எனக்குப் பெயர் வைத்ததும் அவர்தான்; மேடைப் பேச்சில் கேட்ட பெயர். ஃபிட்டர் படித்தேன், பட்டறையில் சேர்ந்தேன். கடலை நான் முதலில் பார்த்தது பட்டறைச் சுவருக்கு மேலாகத்தான்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் சேவியர் சார். வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர். பிசினும் கண்ணாடி நாரும் பறக்கும் இடத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டு வருவார். மாலையில் அதே வெள்ளையோடு போவார். எப்படி என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். வயல்காட்டிலிருந்து வந்தவன் என்று எனக்கு அவர் வைத்த பெயர் நாத்தங்கால்.

"என்ன நாத்தங்கால், இது எங்க விழும்?"

அவரிடமிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி அதுதான். ஒரு படகுக்கு வாங்கிய சாமான்களைத் தார்ப்பாயில் பரப்பி வைக்கச் சொல்வார். ஒவ்வொன்றையும் காலால் தொட்டு இந்தக் கேள்வியைக் கேட்பார். நங்கூரம் எங்கே விழும்? பேட்டரி எங்கே விழும்? கத்தி எங்கே விழும்? முதலில் எனக்குப் புரியவில்லை. "கட்டி வச்சிருக்கேன் சார், விழாது" என்றேன்.

"கடல்ல ரெண்டு வகை சாமான்தான் இருக்கு. விழுந்தது, விழப்போறது. நீ கட்டுறது ரெண்டாவது வகை. அதனால எங்க விழும்னு சொல்லு."

பதில் தெரிந்த பிறகுதான் அந்தச் சாமானுக்கு இடம் குறிப்போம். படகு இடப்பக்கம் சாய்ந்தால் பேட்டரி எதன்மேல் விழும், அது யாருடைய கால், அந்தக் கால் அந்த நேரத்தில் அங்கே இருக்குமா என்பதுவரை அவர் கேட்பார். எல்லாம் பொருத்தி முடிந்ததும் படகைக் கடுவையாற்றில் இறக்கி, கரையில் கட்டிப் போட்டு, எங்களில் இருவரை ஒரே விளிம்பில் நிற்கச் சொல்வார். படகு சாயும். "குதிங்க" என்பார். நாங்கள் தண்ணீரில் குதித்ததும் படகு நிமிர்ந்து எத்தனை தரம் ஆடி அடங்குகிறது என்பதை வேர்க்கடலை மென்றபடி பார்த்துக்கொண்டிருப்பார். சோம்பலாக நிமிர்ந்தால் அவருக்குப் பிடிக்காது. வெடுக்கென்று நிமிர வேண்டும். பிடிக்காவிட்டால் திட்ட மாட்டார். கடலைத் தோலை ஊதிவிட்டு, "பிரிச்சிடுங்க" என்பார். நான்கு நாள் வேலை அந்த ஒரு சொல்லில் போய்விடும்.

சூரைப் படகு மற்ற படகு மாதிரி இல்லை. வலைக்காரனுக்கு வலை விரிக்க இடம் வேண்டும். சூரைக்காரனுக்கு வேகமும் குளிர்ச்சியும் வேண்டும். சூரை ஓடிக்கொண்டே இருக்கிற மீன், அதனால் அதன் உடம்புக்குள் சூடு அதிகம். பிடித்தவுடன் தலையில் குத்தி, துடுப்புக்குப் பின்னால் கீறி இரத்தத்தை வடித்து, ஐஸ் தண்ணீரில் முக்கவில்லை என்றால் அந்தச் சூட்டிலேயே சதை வெந்து வெளுத்துவிடும். ஏற்றுமதிக்காரன் வாலருகே ஒரு துண்டு அறுத்துப் பார்த்துவிட்டு நடந்துபோவான். ஆகவே ஐஸ் பெட்டியின் சுவர் கனமாக இருக்க வேண்டும், மூடி சிறியதாக இருக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் மூடியைப் பெரிதாகத்தான் கேட்பார்கள்.

தூண்டில் முள்ளை வளைந்த வகையாகவே எடுப்போம். நுனி உள்நோக்கித் திரும்பியிருக்கும் அந்த முள் மீனின் தொண்டைக்குள் போகாமல் வாய் ஓரத்தில் மாட்டும். மீன் உயிரோடு மேலே வரும். கட்டை விரல் நகத்தின்மேல் முள்ளை வைத்து இழுத்தால் வழுக்கக் கூடாது, கவ்வ வேண்டும். தங்கூசி என்கிற நைலான் கயிற்றைப் பஞ்சால் உருவிப் பார்ப்போம். எங்கே பஞ்சு சிக்குகிறதோ அங்கே கீறல் இருக்கிறது, அந்த இடத்தை வெட்டி எறிவோம். படகின் இரண்டு விளிம்பிலும் உறையோடு ஒவ்வொரு கத்தி. கயிறு கையைச் சுற்றி மீன் ஆழத்துக்கு இழுத்தால், கத்தியைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது.

பெரிய சூரைக்கு உயிர் இரை வேண்டும். சாளையோ கானாங்கெளுத்திக் குஞ்சோ கரைப் பக்கத்தில் பிடித்து, நடுப்படகில் இருக்கும் தொட்டியில் நீந்தவிட்டே எடுத்துப் போவார்கள். பம்பு ஓயாமல் கடல்நீரை உள்ளே விடும், மேல் குழாய் வழியே அது வழிந்துகொண்டே இருக்கும். இந்தத் தொட்டியைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு சில வருஷங்களில் கோவிந்தராஜ் அண்ணன் பட்டறைக்கு வந்தார். அதற்கு முன்பே அவருடைய நிலத்தின் மூன்று பக்கமும் இறால் குளங்கள் வந்துவிட்டன. முதலில் வரப்பு வெளுத்தது. பிறகு பயிரின் நுனி சிவந்தது. தெருவே திரண்டுபோய் மண் வெட்டும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பெண்கள் துடைப்பத்தோடு வந்தார்கள். வழக்கும் நடந்தது. ஆட்சியில் இருந்த கட்சிக்காரர் வந்து ஆறுதல் சொன்னார். தேர்தலில் ஆட்சி மாறி, மற்றக் கட்சிக்காரரும் வந்து அதே ஆறுதலைச் சொன்னார். குளம் இருந்த இடத்தில்தான் இருந்தது. சுனாமி மிச்சத்தை உப்பாக்கிவிட்டுப் போனது. அண்ணன் கடைசியில் நிலத்தைக் குளத்துக்காரருக்கே எழுதிக் கொடுத்தார். வாழ்வாதாரம் இழந்தவர்களுக்கு மானியத்தில் படகு என்று ஒரு திட்டம் அப்போது வந்திருந்தது. அதில் பெயர் கொடுத்து, நிலத்துக்கு வந்ததை அதில் போட்டார்.

பெரியம்மா அவரிடம் கேட்டதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். "சண்டை போட்டு வாங்குன மண்ணுடா அது. அதைக் குடுத்துட்டு, மெதக்குற மண்ணு வாங்கப் போறியா?"

"அந்த மண்ணு செத்துப்போச்சும்மா" என்றார் அண்ணன். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அவருடைய படகுக்கு நானே சாமான் பொருத்தினேன். அண்ணன் படகு என்பதால் முள் ஒவ்வொன்றையும் நகத்தில் இழுத்துப் பார்த்தேன். அவர் தினமும் வந்து உட்கார்ந்துகொள்வார். இரைத் தொட்டி வரைந்த பலகையைப் பார்த்ததும் முதல் தடவையாக வாய் திறந்தார்.

"ஏன் தம்பி இம்புட்டு ஒடுக்கமா இருக்கு? நாத்தை நெருக்கி விட்டா அழுகிடாது?"

சேவியர் சாருக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. "அண்ணன் சொல்றது நியாயம்தான். இடம் இருந்தா இரை தெளிவா இருக்கும். அகலமா போடு நாத்தங்கால்."

தொட்டி அகலமானால் உள்ளே தண்ணீர் இப்படியும் அப்படியும் ஓடும், நடுவில் துளையிட்ட தடுப்புப் பலகை வைக்கலாமா என்று நான் கேட்டேன். பலகையில் முட்டி இரையின் மூக்கு கிழியும், மூக்கு கிழிந்த இரையைச் சூரை சீந்தாது என்றார் சார். அதுவும் உண்மைதான். "தண்ணி வழிய வழிய நின்னா எங்கடா ஓடும்? மூடி வரைக்கும் நின்னா அது கல்லு மாதிரி. காஞ்சு கிடந்தாலும் வம்பில்ல. ரெண்டுக்கும் நடுவுல மட்டும் நிக்கக் கூடாது."

இதை அவர் அண்ணனுக்குச் செய்தே காட்டினார். கேண்டீனிலிருந்து ஒரு தாம்பாளம் வாங்கி, அதில் பாதி தண்ணீர் ஊற்றி, அண்ணன் கையில் கொடுத்து நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் அண்ணனின் வேட்டி நனைந்துவிட்டது. பட்டறையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

"புரிஞ்சுதா அண்ணே?"

"புரிஞ்சுது சார். ரொப்பி வைக்கணும், இல்லாட்டி வடிச்சிடணும்."

கடுவையாற்றில் இரண்டு பேர் குதித்துப் பார்த்தோம். படகு வெடுக்கென்று நிமிர்ந்தது. சார் கடலையை மென்று தலையாட்டினார்.

முதல் பயணத்துக்கு மூன்று பேர் போனோம். அண்ணன், சாமான் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க நான், படகை ஓட்டவும் அண்ணனுக்குப் பழக்கவும் பக்கத்துக் குப்பத்துக் கலியன். கலியன் என் வயதுக்காரர், கடலிலேயே வளர்ந்தவர், வாய் அடங்காதவர். எங்களைப் போன்றவர்கள் சூரைக்கு வருவதைப் பற்றி அவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் முணுமுணுப்பு இருந்தது. கலியன் அதை மறைக்கவில்லை.

"எங்க ஊர்ல என்ன சொல்றாங்க தெரியுமாண்ணே? 'கலியன் சேத்துக்காலுக்கு டிரைவராப் போறான், அடுத்து ஏர் ஓட்டப் போவான்'ங்கிறாங்க."

"ஏர் ஓட்ட நெலம் வேணுமே தம்பி" என்றார் அண்ணன். கலியன் எஞ்சினைக் கிளப்பினார்.

விடியலில் சாளை நிறையக் கிடைத்தது. தொட்டி வழிந்தது. கரை மறைந்து வெகுநேரம் ஓடிய பிறகு, பறவைகள் தாழ்ந்து பறக்கும் இடத்தில் சூரைக் கூட்டம் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் அனுபவித்த மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். இரையைக் கோர்த்து விட, கயிறு விண்ணென்று ஓட, மீன் மேலே வர, நான் குத்தி, கீறி, ஐஸில் முக்கினேன். நான் பொருத்திய ஒவ்வொன்றும் அதன் இடத்தில் இருந்தது. அண்ணன் கை உறைக்குள்ளேயே கைகளைத் தேய்த்துக்கொண்டு, "தம்பி, இது ஒரு போகம்டா, இது ஒரு போகம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஐஸ் பெட்டி நிறைய நிறையப் படகு தாழ்ந்தது. தொட்டியில் இரை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. நான் முன்பக்கம் அணியத்தில் குனிந்து முறுக்கேறிய கயிறு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கலியன் பின்னால் சுக்கானைப் பிடித்தபடி கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அந்த இடைவெளியில் பம்பை நிறுத்தி, தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து, தண்ணீரைப் பாதியாக இறக்கி, குழாயை மூடினார்.

அப்போதுதான் வலப்பக்கத் தூண்டிலில் பெரியது மாட்டியது. அண்ணன் இழுத்தார். முடியவில்லை. நான் கொக்கிக் கம்போடு ஓடினேன். கலியன் சுக்கானை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். மூன்று பேரும் ஒரே விளிம்பில். படகு சாய்ந்தது. சாய்வது புதிதில்லை, படகென்றால் சாய்ந்து திரும்பும். என் உள்ளங்கால் அந்தத் திரும்புதலுக்காகக் காத்திருந்தது. தொட்டிக்குள் தண்ணீர் எங்கள் பக்கம் ஓடிவந்து மோதும் சத்தம் கேட்டது. படகு திரும்பவில்லை.

தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தபோது கவிழ்ந்த ஓடு தெரிந்தது. கூட்டின் சுவர்களுக்குள் நுரை அடைத்திருந்ததால் அது முழுகவில்லை. ஒருவரை ஒருவர் இழுத்து ஓட்டின்மேல் படுத்தோம். வயர்லெஸ் பெட்டி போய்விட்டது. நாங்கள் காலையிலிருந்து பிடித்த சூரைகள் ஒவ்வொன்றாக ஐஸ் பெட்டியிலிருந்து நழுவி, வெள்ளை வயிறு தெரிய எங்களைக் கடந்து போயின. எனக்கு நீந்தத் தெரியும், வாய்க்காலில் கற்ற நீச்சல். அந்த ஆழத்தில் அது நீச்சலே இல்லை என்பது அன்று தெரிந்தது. கதிரவனின் முகத்தை நினைக்க முயன்றேன். வரவில்லை. பெற்ற பிள்ளையின் முகம் வரவில்லை என்ற பயம் கடலைவிடப் பெரிதாக இருந்தது. அந்தப் பயம் இப்போதும் என்னைவிட்டுப் போகவில்லை. கதிரவன் வீட்டுக்கு வர நேரமானால், அவன் முகம் நினைவில் இருக்கிறதா என்று நான் சோதித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

வெயில் ஏறிய பிறகு கலியன்தான் கேட்டார். "தொட்டித் தண்ணிய யாரு இறக்குனது?"

"நாந்தான்" என்றார் அண்ணன்.

"ஏண்ணே?"

அண்ணன் ஓட்டில் கன்னத்தை வைத்துப் படுத்தபடியே சொன்னார். "இரை பாதியாயிடுச்சு. பாதிப் பயிருக்கு எதுக்கு முழுத் தண்ணின்னு... மீனு வேற ஏறிக்கிட்டே இருந்துச்சு. பாரம் கொறையட்டுமேன்னு பாத்தேன்."

"சார் சொன்னாரேண்ணே, தாம்பாளத்துல காட்டுனாரே" என்றேன்.

"ஞாபகம் இருந்துச்சுடா. அது இரை இல்லாம படகு ஓடுறப்ப மட்டும்னு நெனச்சேன். உசுரு நிக்கிற தண்ணில அப்படியா பாப்பாங்க? எவ்வளவு பயிர் நிக்குதோ அவ்வளவு தண்ணி. அதானே கணக்கு?"

கலியனின் வாய் அவரை விடவில்லை. "அப்ப நடுக்கடல்ல வயலுக்குத் தண்ணி கட்டிருக்கீங்க. வரப்பு வெட்டுனீங்களா, அது இன்னும் பாக்கியா?"

மூன்று பேரும் சிரித்தோம். அந்த இடத்தில் எப்படிச் சிரித்தோம் என்று தெரியவில்லை. சிரிப்பு நின்றதும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் கணக்கில் எனக்குத் தப்பு தெரியவில்லை என்பதுதான் என்னை இன்றுவரை உலுக்குகிறது. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா என்று வானத்தையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தேவைக்குமேல் நிற்கிற தண்ணீரைப் பார்த்தால் எங்கள் கை தானாக மடையைத் தேடும். நான் அணியத்தில் குனியாமல் நிமிர்ந்து பார்த்திருந்தால் அவரைத் தடுத்திருப்பேனா? பல தடவை யோசித்துவிட்டேன். சார் சொன்னது என் காதில் இருந்தது. அண்ணன் செய்தது என் கையிலும் இருந்தது. எது முந்தியிருக்கும் என்று சொல்ல முடியவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு வடக்கிலிருந்து வந்த ஒரு படகு எங்களைப் பார்த்தது. நாங்கள் சூரைக்கு வரக்கூடாது என்று முணுமுணுத்த அதே ஊர்க்காரர்கள். தூக்கி ஏற்றி, தங்கள் உலர்ந்த கைலிகளைக் கொடுத்து, சூடாகக் கஞ்சி கொடுத்தார்கள். ஓட்டைக் கட்டி இழுத்தும் வந்தார்கள். ஒருவரும் கேலி பேசவில்லை. கலியன் அவர்களிடம், "அலை அடிச்சிடுச்சு" என்று மட்டும் சொன்னார். தொட்டியைப் பற்றி அவர் தன் ஊரில் வாய் திறக்கவேயில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

சேவியர் சார் கரைக்கு வந்திருந்தார். கவிழ்ந்து வந்த கூட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தார். மறுநாளிலிருந்து பட்டறையில் செய்த எல்லாத் தொட்டியிலும் துளையிட்ட தடுப்புப் பலகை வைக்கச் சொன்னார், ஓரங்களில் ரப்பர் ஒட்டி. இரையின் மூக்கைப் பற்றி யாரோ கேட்டபோது, "கிழியட்டும்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை நாத்தங்கால் என்று கூப்பிட்டதில்லை. அறிவழகன் என்றே கூப்பிட்டார். எனக்கு அது பழைய பெயரைவிடக் கனமாக இருந்தது.

எஞ்சினைக் கழுவி மீட்டோம், சாமான்களைத் திரும்பப் போட்டோம். படகு போகத் தயாராக நின்றது. அண்ணன் தூக்குவாளியோடு விடியலில் கரைக்கு வந்தார். முழங்கால் தண்ணீர்வரை இறங்கினார். படகு விளிம்பில் கையை வைத்தார். காலைத் தூக்க முடியவில்லை. மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். பிறகு வருவதை நிறுத்திவிட்டார். படகு யாரிடமோ போனது. நிலம் ஏற்கெனவே போயிருந்தது. போராடி வாங்கிய மண்ணும் இல்லை, மிதக்கிற மண்ணும் இல்லை. ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டு, இறால் குளத்தில் காவல் வேலைக்குப் போனார். அவருடைய பழைய வயல் இப்போது நான்காவது குளம். கரையில் நின்று தண்ணீர் மட்டம் பார்ப்பதுதான் வேலை. நான் அவரைப் பார்க்கப் போவதைக் குறைத்துக்கொண்டேன். பார்த்தால் இருவருக்கும் பேச ஒன்றுதான் இருந்தது, அதை இருவரும் பேசவில்லை.

அதனால்தான் இளங்கோவின் பெயரைக் கேட்டதும் என் கை நின்றது.

ஒரு வாரம் நான் கதிரவனுக்குப் பதில் சொல்லவில்லை. "நீங்க சாமான் எடுத்துக் குடுக்கலன்னா போகமாட்டானா?" என்று என் மனைவி கேட்டாள். போவான். வேறு யாராவது ஐஸ் மூடியைப் பெரிதாக வைத்துக் கொடுப்பார்கள், கயிற்றைப் பஞ்சால் உருவ மாட்டார்கள். கொடுத்தால் என் கையாலேயே அனுப்புகிறேன்.

கோவிந்தராஜ் அண்ணன் தானே வந்தார். வெகுகாலத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறினார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"பசங்க சொன்னாங்க" என்றார்.

"நீங்க தடுக்கலியாண்ணே?"

"எதைக் காட்டித் தடுக்குறது? வாடா, வந்து குளத்துக்குக் காவல் இருன்னா?" டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "நீயே போட்டுக் குடு. வேற யாரும் வேணாம்."

சரி என்றேன். ஆனால் தொட்டி வைக்க மாட்டேன், செத்த இரையை ஐஸில் போட்டு எடுத்துப் போகட்டும், கொஞ்சமாகப் பிடித்தால் போதும் என்றேன். அண்ணன் அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

"தொட்டி வை தம்பி. இல்லாட்டி பெரிய மீனு வராது, அப்புறம் அவனுங்களா ஒரு டிரம்மைத் தூக்கி வச்சிக்குவானுங்க. பயப்படாத. நம்ம புள்ளைங்க வயல்ல எறங்குனதே இல்ல. அவனுங்களுக்குத் தண்ணி கட்டத் தெரியாதுடா."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளிலிருந்து வேலையைத் தொடங்கினேன். முள், கயிறு, கத்தி, வயர்லெஸ், உயிர் காக்கும் சட்டை எல்லாவற்றையும் தார்ப்பாயில் பரப்பி, எது எங்கே விழும் என்று இருவரையும் கேட்டுக் கேட்டு இடம் குறித்தேன். தொட்டியை ஒடுக்கமாக, நடுவில் தடுப்புப் பலகையோடு வரைந்தேன். அதைப் பொருத்துவதற்கு முன், கதிரவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டேன். இளங்கோ கரையில் பெயிண்ட் கலந்துகொண்டிருந்தான்.

"கடல்ல இருக்க. பாதி இரை தீந்துபோச்சு. மீனும் ஏறிக்கிட்டு இருக்கு. தொட்டித் தண்ணிய என்ன பண்ணுவ?"

கதிரவன் செல்போனில் காற்று நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவேயில்லை.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். அதை ஏம்ப்பா தொடணும்?"

சரியான பதில். எங்கள் தெருவில் அவனுக்கு முன் பிறந்த யாரும் அதை இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க முடியாது. எனக்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும், நிறையவில்லை. பெரியப்பா, அப்பா, அண்ணன், நான் என்று வரிசையாக வந்த தண்ணீர்க் கணக்கு கையைவிட்டுப் போனதுபோல் இருந்தது.

"திருப்புளியை எடு" என்றேன். தொட்டியைப் பொருத்தினோம்.